அரை அங்குல ஆட்டம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நான்கு மில்லிமீட்டர் குட்டை. இதில் உட்காருங்கள். இளநீர் வெட்டச் சொல்லியிருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டு இளநீர் வேண்டாம் என்றால் மயில்சாமிக்குக் கோபம் வந்துவிடும். மயில்சாமி இந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். தோப்பு என் மாப்பிள்ளை திருமூர்த்தியுடையது. தென்னையை மயில்சாமி பார்த்துக்கொள்கிறார், வண்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கரூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? ஆறரை வாக்கிலா? அதென்ன வாக்கில்? ஆறு முப்பதா, ஆறு முப்பத்தைந்தா? சரி, விடுங்கள்.

என் புகார் கையில் இருக்கிறதா? பதினொரு பக்கம் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் கோரிக்கை இருக்கிறது. வண்டிக்கு வடம் பொருத்திய சகாயமேரி என்கிற தொழிலாளியை வேலையை விட்டு நீக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. இழப்பீடு கேட்டேனா? கேட்கவில்லை. புது வண்டி கேட்டேனா? கேட்கவில்லை. நீங்கள் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் இன்று எழுதுகிற அறிக்கையைப் பொறுத்துத்தான் அந்தப் பெண் நாளைக்கு வேலைக்குப் போவதும் போகாததும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நல்லது. ஆகவே நிதானமாகக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

நான் யார் என்று தெரியுமா? சொல்லியிருக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். ஈரோடு, சேலம், உங்கள் கரூரிலேயே மூன்று வருஷம். அர்த்தநாரி என்று பழைய கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கடைவீதிக்கு இந்த முனையில் நுழைந்தால் அந்த முனையில் படிக்கல் மாறும். புளி மூட்டைக்குப் பின்னால் ஒளித்த தராசையெல்லாம் எடுத்திருக்கிறேன். இப்போதும் நுழைகிறேன். என்னைப் பார்த்து யாரும் எதையும் ஒளிப்பதில்லை. "வாங்கய்யா, என்ன வேணும்?" என்கிறார்கள். நாடு திருந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்றபின் மகள் வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை வருஷம் அங்கேதான் இருந்தேன். சும்மா உட்காருகிற ஆள் அல்ல நான். சமையலறையில் ஒரு தராசு வைத்தேன். ரசத்துக்கு உப்பு எத்தனை கிராம் என்று எழுதி ஒட்டினேன். பால்காரர் லிட்டரில் பதினெட்டு மில்லி குறைத்து ஊற்றுவதைக் கண்டுபிடித்தேன். அவர் மறுநாள் முதல் வரவில்லை. அடுத்தவரும் வரவில்லை. ஒருநாள் சுகந்தி, என் மகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, அவரு தோப்புல ரெண்டு வண்டி வாங்கி நிறுத்தப் போறாரு. சுற்றுலாக்காரங்க வந்து தங்கற மாதிரி. நீங்க அங்க போயி இருந்தா அவருக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "மாமா, உங்களாட்டம் பார்த்துக்க ஆளே கெடையாதுங்க மாமா. எப்பப் போறீங்க?" வீட்டுக்கும் தோப்புக்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர். என்னைப் பிரிந்திருக்க வேண்டியிருக்கிறதே என்கிற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீடு. கொண்டுவந்து நிறுத்தி, பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் ஒன்று சோபாவோடும் சன்னலோடும் அப்படியே வெளியே நீளும். மேசையில் டிராயரை இழுக்கிற மாதிரி. உள்ளே நடமாட இடம் கிடைக்கும். கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் உள்ளே போய்விடும். இதற்கு 'நகர்சுவர்' என்று ஒரு பெயர் வைத்தேன். மயில்சாமி கேட்கவில்லை, டிராயர் என்றே சொல்கிறார். அந்தச் சுவர்ப் பெட்டியின் நான்கு மூலையிலும் எஃகு வடம். நீங்கள் கேபிள் என்பீர்கள். மூலைக்கு இரண்டு: ஒன்று வெளியே இழுக்க, ஒன்று உள்ளே இழுக்க. ஆக எட்டு. கப்பி வழியாக வந்து, நடுவில் ஒரு மோட்டாரின் சங்கிலியில் சேர்கின்றன. ஒவ்வொரு வடத்தின் முனையிலும் முறுக்குவதற்கு ஒரு நட்டு. நட்டு என்றால் முறுக்குவதற்குத்தானே தம்பி? முறுக்கக் கூடாது என்றால் எதற்கு நட்டு வைக்கிறீர்கள்? ஆணி அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பொங்கல் முடிந்த மறுநாள், ஜனவரி பதினேழு, முதல் வண்டி வந்தது. கூடவே சகாயமேரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னே லிஃப்ட் கம்பெனியில் கேபிள் வேலை பார்த்தவராம். கையில் தழும்பு தழும்பாக இருந்தது. வண்டியை நீர்மட்டம் வைத்து நிறுத்தினார். அது சரி, அதை நான் குறை சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியை இரண்டு தடவை வெளியே விட்டு உள்ளே இழுத்தார். பிறகு ஒரு வடத்தை விரலால் சுண்டிக் காட்டினார்.

"பாருங்க சார், கொஞ்சம் ஆடணும். விறைச்சு நிக்கக் கூடாது."

"கொஞ்சம் என்றால்?"

"ஒரு அரை அங்குலம் சார்."

எனக்கு அங்கேயே ரத்தம் சூடாகிவிட்டது. தம்பி, அங்குலம் என்கிற அலகு வியாபாரத்தில் செல்லாது. மெட்ரிக் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று? இதற்காக எத்தனை கடைக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன் தெரியுமா?

"அம்மா, அங்குலம் செல்லாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப உங்க சுண்டுவிரல் தடிமன்னு வச்சுக்கங்க சார்."

"யார் சுண்டுவிரல்? என்னுடையதா, உங்களுடையதா, மயில்சாமியுடையதா?"

மயில்சாமி தன் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் பெருமூச்சு விட்டார். "சார், மாசம் ஒருக்கா பார்த்தாப் போதும். இழை ஏதாச்சும் பிரிஞ்சிருக்கா, கப்பி சுத்துதா, ரப்பர் ஓரம் கிழிஞ்சிருக்கா, அவ்வளவுதான். ஒரு இழை அறுந்து நீட்டிக்கிட்டு இருந்தாக்கூட எனக்கு ஒரு போன் போடுங்க, நான் வந்திடறேன். அந்த நட்டை மட்டும் தொடாதீங்க." கையேடு ஒன்று கொடுத்தார். போய்விட்டார்.

கையேட்டைப் படித்தேன். நாற்பத்தொரு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி, பதிவுத் தபாலில் உங்கள் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. பார்த்தீர்களா? ஆகவே கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது உங்களிடம்தான் இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். செல்லாத அலகில் சொன்ன அளவு, இல்லாத அளவு. ஆகவே அனுமதிக்கப்பட்ட ஆட்டம் எவ்வளவு? பூஜ்யம். நான் முப்பத்தொரு வருஷம் பார்த்த ஒரே உண்மை இதுதான்: எதில் ஆட்டம் இருக்கிறதோ அதில் திருட்டு இருக்கிறது. தராசு முள் ஆடினால் திருட்டு. பெட்ரோல் பம்ப்பின் கைப்பிடி ஆடினால் திருட்டு. வடம் மட்டும் எதற்குத் தம்பி ஆட வேண்டும்?

அதோடு இன்னொன்று. அந்த எட்டு நட்டின்மேலும் மஞ்சளாக ஒரு கோடு. நட்டிலும் போல்ட்டிலும் சேர்ந்து இழுத்த மாதிரி. தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது காய்ந்துபோயிருக்கிறது என்று உடனே புரிந்துகொண்டேன். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் இயந்திரத்தில் மஞ்சள் தங்கினால் துரு பிடிக்கும். பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன். சாதாரணமாகத் துடைத்தால் போகிற மஞ்சள் அல்ல அது, அப்படி ஒட்டியிருந்தது. ஒரு முற்பகல் முழுக்க ஆயிற்று. குங்குமம் இல்லாததும் எனக்குப் படத்தான் செய்தது. கரூர்ப் பக்கம் சிக்கனம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன, இருமலா? இளநீர் குடியுங்கள்.

இதுதான் என் ஆய்வேடு. முதல் பக்கம் பாருங்கள். மாதம் ஒருமுறை என்று உங்கள் கம்பெனி சொன்னது. பொறுப்பில்லாத பேச்சு. நான் ஒரு நாளைக்கு மூன்று முறை. காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து. ஒவ்வொரு முறையும் பெட்டியை முழுக்க உள்ளே இழுத்து, முழுக்க வெளியே விட்டு, எட்டு வடத்தையும் சுண்டிப் பார்த்து, எது ஆடுகிறதோ அதற்கு ஸ்பேனரால் ஒரு சின்னச் சுற்று. இதோ, சட்டைப் பையில் பேனாவோடு இருக்கிறதே, இந்த ஸ்பேனர்தான். பத்தாம் நம்பர்.

இங்கேதான் உங்கள் வண்டியின் வஞ்சகத்தைக் கவனிக்க வேண்டும். மேல் இடது மூலையை முறுக்கினால், மறுநாள் கீழ் வலது மூலை தளர்ந்திருக்கும். அதை முறுக்கினால் மேல் வலது. அதை முறுக்கினால் மறுபடி முதலில் முறுக்கியது. நான் விடுவேனா? எட்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கிறவரை விடாமல் முறுக்கினேன். ஏப்ரல் மாதம் சுண்டினால் வீணை மாதிரி ஓசை வந்தது. மயில்சாமி சொன்னார், "அய்யா, கம்பி அழுவுதுங்க." நான் சொன்னேன், "அழவில்லை, சுருதி சேர்கிறது."

மே மாதக் கடைசியில் போல்ட்டில் மரை தீர்ந்துவிட்டது. நட்டு அதற்குமேல் ஏறவில்லை. போதுமான நீளம் இல்லாத போல்ட்டுகளைப் போட்டிருக்கிறார்கள்: புகார், பக்கம் நான்கு. நான் சமாளித்தேன். வாஷர் வாங்கி வந்து இடையில் போட்டு முறுக்கினேன். ஒரு நட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஜூனில் பார்த்தால் சுவருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. நூல் பிடித்து அளந்தேன், ஒன்பது மில்லிமீட்டர். மட்டமான பலகை: பக்கம் ஐந்து.

ஆகஸ்ட் ஒன்பது பாருங்கள். "மேல் வலது வடத்தில் மூன்று இழைகள் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தன, அகற்றப்பட்டன." துணியால் துடைக்கும்போது விரலில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. விருந்தினர் குழந்தைகள் கை வைத்தால் என்ன ஆகும்? நகவெட்டியால் நறுக்கி மழமழவென்று ஆக்கினேன். ஆகஸ்ட் இருபத்திரண்டு, ஐந்து இழைகள். செப்டம்பர் முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாக, அதாவது, மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கிறது. வெளியே ஒரு இழை தெரியாதபடி வைத்திருந்தேன். அறுகிற அன்று காலைகூட அந்த வடம் பார்க்கப் பட்டுநூல் மாதிரி இருந்தது. அவ்வளவு மெலிதாக, அவ்வளவு சுத்தமாக.

இப்போது அக்டோபர் இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை.

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. லோகநாதன் என்று ஜவுளிக்கடைக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள். முந்தின நாளே என் ஆய்வைப் பற்றி முனகினார்கள். பன்னிரண்டு மணிக்கு அந்தம்மாள் சோபாவில் படுத்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னால், "வந்ததுக்கு ஒரு மணி நேரம் தூங்க விடமாட்டீங்களா?" என்கிறார். தூங்குவதற்கு இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஆய்வு வேண்டாம். மக்கள் மனநிலை இப்படித்தான்.

காலை ஏழு மணி. குடும்பம் மரத்தடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் வண்டிக்குள் போய், "உள்ளே யாராவது?" என்று ஒருமுறை குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பொத்தானை அழுத்தினேன். பெட்டி உள்ளே வர ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியும், பெட்டி உள்ளே வந்தால் சோபா நேராகக் கழிவறைக் கதவுக்கு எதிரே வந்து நிற்கும். முக்கால்வாசி வந்திருக்கும். பட் என்று ஒரு சத்தம். வெளியே எல்லாரும் தேங்காய் விழுந்துவிட்டது என்று மேலே பார்த்தார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, கோணிக்கொண்டு, அப்படியே இறுகிவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

அப்போது கழிவறைக் கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. சோபாவில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் இரண்டு விரல் வெளியே வந்தன.

"யாருய்யா அது? கதவு ஏன் தொறக்க மாட்டேங்குது?"

"ஆய்வு நடக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்."

"என்னய்யா ஆய்வு? நான் உள்ள இருக்கறேன்!"

"கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை?"

"கக்கூசுல உக்கார்ந்துக்கிட்டு உள்ளேன் ஐயா சொல்லச் சொல்றயா?"

நியாயமான கேள்வி இல்லை. நான் சரிந்த மூலையை அளக்கத் தொடங்கினேன். அவர் உள்ளேயிருந்து கதவை இரண்டு தடவை இடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க, உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கறனே. ஈரோட்டுல... மீட்டர் கோலு?"

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இந்த லோகநாதன் கடையில் துணி அளக்கிற மீட்டர் கோலை நான் பறிமுதல் செய்திருக்கிறேன்.

"மூன்று மில்லிமீட்டர் குறைவு" என்றேன்.

"அட சாமி! அதுக்கா இன்னைக்கு என்னைய இங்க புடிச்சுப் போட்டிருக்கீங்க?"

வெளியே அந்தம்மாள் அழ ஆரம்பித்தார். "காலையில ஒண்ணுமே சாப்பிடலைங்க அவரு." மயில்சாமி இடைவெளியைப் பார்த்துவிட்டு, "இட்லி போகாதுங்க, தோசைன்னா போகும்" என்றார். மயில்சாமி வீட்டிலிருந்து தோசை வந்தது. அந்தம்மாள் அதைச் சுருட்டி நீட்டினார். உள்ளேயிருந்து வந்த வார்த்தையை நான் புகாரில் சேர்க்கவில்லை.

உங்கள் கம்பெனிக்கு ஏழு இருபதுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சகாயமேரி பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வந்தாராம். தாராபுரம்வரை நின்றுகொண்டே வந்தேன் என்றார், நான் கேட்கவில்லை. காலைப் பூசைக்குக் கோவிலுக்குப் போயிருந்தவர் அப்படியே வந்திருக்கிறார். பட்டுச்சேலை. வேலைக்குச் சீருடை அணியவில்லை: பக்கம் ஏழு. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். முதலில் கழிவறைக் கதவுப் பக்கம் போய், "அண்ணா, பயப்படாதீங்க. கால் மணி நேரம்" என்றார். விரல் இரண்டும் அவரைக் கும்பிட்டன. இரண்டு விரலால் எப்படிக் கும்பிட முடியும் என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன்.

மேல் பட்டையைக் கழற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், மஞ்சக் கோடு எங்க சார்?"

"எந்த மஞ்சள்? ஆயுத பூஜை மஞ்சளா? சுரண்டிவிட்டேன்."

"அது பெயிண்ட்டு சார். நட்டு கால் சுத்து திரும்புனாக்கூடக் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துடும். அதுக்குத்தான் போடறது."

அப்படியானால் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? விளக்கம் தராமை: பக்கம் எட்டு.

பிறகு நட்டுகளைக் கழற்றினார். வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவின்மேல் வரிசையாக வைத்தார். முப்பத்திரண்டு. சாலை மறியலில் நிற்கிற லாரி வரிசை மாதிரி நீளமாக இருந்தது. அறுந்த வடத்தின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சார், இழையெல்லாம் நறுக்குன மாதிரி இருக்கே."

"நறுக்கியதுதான். நகவெட்டி."

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினார் தம்பி. சோபாவில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழிவறைக்குள்ளேயிருந்து லோகநாதன், "என்னம்மா? சொல்லுங்கம்மா, நானும் சிரிக்கறேன்" என்கிறார். பணி நேரத்தில் சிரிப்பு: பக்கம் ஒன்பது.

மரமேறிகள் நான்கு பேரைக் கூப்பிட்டார். மூலைக்கு ஒருவராக நிறுத்தி, "ஒரே சீராத் தள்ளுங்கண்ணா, அவசரப்பட்டா மறுபடி கோணிக்கும்" என்றார். பெட்டி வெளியே போயிற்று. கதவு திறந்தது. லோகநாதன் வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து மனைவியிடம், "இந்தம்மாளுக்கு நம்ம கடையில நல்ல சேலை ஒண்ணு எடுத்து அனுப்பு, இது பாழாப் போச்சு" என்றார். என்னிடம் திரும்பி, "மூணு மில்லிமீட்டருக்கு மூணே முக்கா மணி நேரம். சரிங்களா ஆபீசர்?" என்றார்.

"நான்கு மணி ஐந்து நிமிஷம்" என்று திருத்தினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மயில்சாமி, மரமேறிகள், அந்தப் பிள்ளைகள். அது போகட்டும். அந்தப் பெண் கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவது வண்டியை மட்டும் விட்டுடுங்க. உங்களுக்குப் பொழுது போகலைன்னா வேற ஏதாச்சும் பாருங்க சார்" என்றார்.

பொழுது போகவில்லை என்றால்! முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதன் ஆய்ந்திருக்கிறான். அவனிடம், பொழுது போகவில்லை என்றால்! எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இரக்கப்பட்டுத் தனியாகச் சொன்னார் பாருங்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதினொரு பக்கமும் எழுதி முடித்துவிட்டேன்.

என்ன சொல்கிறீர்கள்? அவர் ஒருத்தர் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறதா? இருக்கலாம். தராசு முன்னால் அதெல்லாம் பேசக் கூடாது தம்பி. நான் எந்தக் கடைக்காரர் குடும்பத்தையும் விசாரித்ததில்லை. சான்று இருக்கிறதா, அதைப் பாருங்கள். மாப்பிள்ளையிடம் ஏற்கனவே பேசிவிட்டீர்களாமே? என்ன சொன்னார்? "மாமாகிட்டயே கேளுங்க, அவரு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு" என்றாரா? பார்த்தீர்களா, எவ்வளவு பெருமை அவருக்கு.

ஆய்வேட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கவா வேண்டும்? தாராளமாக. எல்லாப் பக்கமும் எடுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். வாஷர் வாங்கிய தேதிகள் கடைசியில் தனியாக இருக்கின்றன. மொத்தம் எத்தனை தடவை பெட்டியை இழுத்துவிட்டேன் என்கிறீர்களா? கூட்டியே வைத்திருக்கிறேன். எண்ணூற்று நாற்பத்தேழு. அதில் கடைசி ஒன்று முழுமை அடையவில்லை. கம்பெனி சொன்னபடி பார்த்தால் பத்துத் தடவைதான் இழுத்திருக்க வேண்டுமா? அதைத்தானே நானும் சொல்கிறேன். உங்கள் பத்து எங்கே, என் எண்ணூற்று நாற்பத்தேழு எங்கே! எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி எழுதுங்கள்.

கையெழுத்தும் வேண்டுமா? பச்சை மையில் போடுகிறேன். பொறுங்கள், முத்திரையும் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது பழையதை வாங்கிக்கொண்டார்கள். இது நானே செய்யக் கொடுத்தது. 'சரிபார்க்கப்பட்டது - அர்த்தநாரி.' ஒவ்வொரு பக்கத்திலும் குத்திவிடவா? ஆகஸ்ட் ஒன்பதில் இரண்டாகவே குத்துகிறேன்.

நீங்கள் எழுதியதைக் காட்டுங்கள். பார்க்கலாம் அல்லவா? 'வடம் அறுந்ததற்கான காரணம்: இணைப்பைக் காண்க. இணைப்பு: திரு. அர்த்தநாரி அவர்களின் ஆய்வேடு, 96 பக்கங்கள், அவரே சான்றளித்தது.' நன்று. பிழை இல்லை. சுருக்கம். உங்களை மாதிரி இரண்டு பேர் என் காலத்தில் எனக்குக் கீழே இருந்திருந்தால் கொங்கு நாட்டில் ஒரு படிக்கல் தப்பியிருக்காது. 'தொழிலாளி குறித்த பரிந்துரை' என்கிற இடத்தில் மட்டும் ஏன் கையால் மறைத்துக்கொள்கிறீர்கள்? ரகசியமா? சரி சரி, மேலிடத்துக்குப் போகிற விஷயம். நானும் அரசு வேலையில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

கிளம்புகிறீர்களா? இன்னும் ஒன்று வேண்டுமா, என்ன?

ஸ்பேனரா?

ஓ, சாட்சிப் பொருள். முறைதான். பறிமுதல் செய்தால்தான் வழக்கு நிற்கும், மீட்டர் கோலை நானும் அப்படித்தான் எடுத்துப் போனேன். இந்தாருங்கள். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ரசீதெல்லாம் வேண்டாம்.

ஒன்றும் கவலைப்படாதீர்கள் தம்பி, ஆய்வு ஒரு வேளைகூட நிற்காது. இரண்டாவது வண்டி ஆகஸ்டில்தான் வந்தது, அதில் இன்னும் ஆறு மரை மிச்சம் இருக்கிறது. மணி என்ன, பதினொன்று ஐம்பதா? உங்களை வாசல்வரை விட்டுவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

என் கருவிப் பெட்டியில் இன்னொரு ஸ்பேனர் இருக்கிறது.